கிடாய்க் கழுத்து லைட்டு

பிரியாணி தின்றுவிட்டு வந்தவன் எவனாவது இருந்தால் தள்ளிப் போய் உட்காரட்டும். இது குமட்டுகிற சங்கதி. நம்ம செல்வக்குமாரோடு வேலை பார்க்கிற துரைப்பாண்டியின் மச்சினன் வேல்ராஜுக்கு நடந்தது.

சாயங்காலம் ஏழு மணி. கரிவலம் ரோட்டிலிருந்து பிரிகிற வண்டிப்பாதை. ஆள் நடமாட்டமே இல்லை. வேல்ராஜ் மண்வெட்டியோடு தனியாகப் போகிறான்... போன வாரம் தானே புதைத்த கிடாயைத் தோண்டி எடுக்க.

அவன் ஆட்டுக்காரன். அறுப்பு முடிந்த வயலில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளைக் கிடை போடுகிறவன். போன வருஷம் பாதி மந்தை களவு போய்விட்டது. அப்புறம்தான் ஒரு கம்பெனியிலிருந்து ஷீலா என்ற பெண் வந்து ஆடுகளுக்குக் கழுத்துப்பட்டை கொடுத்தாள். பேட்டரி கிடையாது. ஆடு நடக்கிற குலுக்கலிலேயே உள்ளே கரண்ட் உண்டாகும், சிவப்பு லைட்டு மினுக்கும், ஆடு எங்கே நிற்கிறது என்று போனில் காட்டும். ஆடு படுத்தால் லைட்டும் அணைந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு குட்டிகூடக் களவு போகவில்லை. ஆனால் ஒரு பட்டை குறைந்தாலும் அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் காலையில் ஷீலா சரிபார்க்க வருகிறாள்.

செத்த ஆட்டின் கழுத்தில் ஒரு கயிறுகூட விடாமல் அறுத்துவிட்டுத்தான் புதைப்பார்கள். கழுத்தில் கட்டு கிடந்தால் செத்த ஆடு மண்ணுக்குள்ளேயும் மேய்ந்து திரியும் என்பது கிடைக்காரர்கள் நம்பிக்கை. வேல்ராஜ் அறுக்கவில்லை. வயிறு ஊதி, மூக்கில் சளியும் ரத்தமும் வடியக் கிடந்த கிடாயைத் தொட அருவருத்து, காலாலேயே குழிக்குள் தள்ளிவிட்டான்... பட்டையோடு.

துணைக்குக் கூப்பிட்டதற்கு, "தொட மாட்டாம மிதிச்சித் தள்ளுனீங்கல்லா... இப்பம் நீங்களே போயி எடுங்க," என்றுவிட்டாள் பெண்சாதி ராஜகுமாரி.

வெட்டினான். சதக்... சதக். அழுகின முட்டை வாடை. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் வெட்டினான். மண்ணுக்குள் சிவப்பு வெளிச்சம். மினுக்... மினுக்.

நடந்தால்தானே எரியும்? புழு நெளிகிறதில் அசைகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை உள்ளே விட்டான். கழுத்து கூழாக இருந்தது. தோல் கையோடு வந்தது. விரல் இடுக்கெல்லாம் புழு... சை. பட்டையை உருவினபோதுதான் பார்த்தான். கிடாயின் குளம்பு நாலும் அடியோடு தேய்ந்திருந்தன. புதைத்தபோது முழுசாக இருந்த குளம்பு.

ஓடையில் சோப்புப் போட்டுப் பட்டையைத் தேய்த்தான். கையைத் தோல் எரியத் தேய்த்தான். நாற்றம் போகவில்லை.

காலையில் ஷீலா வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. "இது ஏன் அண்ணாச்சி சும்மா கெடக்கு? வேற ஆட்டுக்கு மாட்டிருங்க. கழுத்துல இல்லாம கெடந்தா எல்லாத்தையும் திரும்ப வாங்கிருவாங்க," என்றாள்.

வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே. ஒரு இளங்கிடாய்க்கு மாட்டினான்.

அன்றைக்கு ராத்திரி கிடை முழுக்க இருட்டு. ஒரு லைட்டு மட்டும் அணையவில்லை. அந்த இளங்கிடாய் ஆடாமல் அசையாமல் நின்று... எதையோ மென்றுகொண்டிருந்தது. வேல்ராஜ் போன் வெளிச்சத்தில் அதன் வாயைப் பிளந்து பார்த்தான். புல் இல்லை. ஈர மண். தொண்டை வரைக்கும் அடைத்து, உள்ளே புழு நெளிந்தது.

பட்டையைக் கழற்றக் கை போனது. கழற்றினால் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், மந்தை போய்விடும். அப்படியே விட்டுவிட்டுப் படுத்தான்.

விடிந்து எண்ணிப் பார்த்தான். ஒரு ஆடு குறையவில்லை. பால்குடி மறக்காத குட்டிகள்கூட எழுந்து நின்று மண்ணை மென்றுகொண்டிருந்தன.