ஒன்றரை அடிக் குழி

பொம்மனஹள்ளி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில், கறுப்புக் கவரில் ஒரு செம்பருத்திச் செடி. அவள் சொன்ன ஒரு வார்த்தையில் நான் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்துல மூவாயிரம் அடி எறங்கி வேலை செஞ்ச ஆளு நீ. வீட்டு வாசல்ல ஒன்றரை அடி குழி எடுக்கப் பயப்படறியே!”

“கேஸ் பைப் போட்ட அன்னிக்கு நான் வீட்ல இல்ல. மண்ணுக்குள்ள அது எங்க போவுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் இருந்தேனே. கேட்டுக்கு இந்தாண்ட போவுது.”

“முந்தாநாள் அந்தாண்டன்னு சொன்னியே?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கேஸ்காரங்களுக்கு ஃபோன் பண்ணியிருக்கேன் மேரி. அவங்க வந்து எடத்தைக் காட்டட்டும். அப்புறம் கடப்பாரையை எடுக்கிறேன்.”

“அவங்க வர்றதுக்குள்ள செடி காஞ்சிடும். அப்பல்லாம் சிரிச்சிக்கினே டூட்டிக்குப் போவே. இப்ப இன்னா இவ்ளோ பயம்?”

“அப்ப பூமிக்குள்ள போனது நான். இந்த பைப் போறது உன் அடுப்புக்கு.”

அவள் செடியின் இலையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

“சரி, அவங்க வர்ற வரைக்கும் தொட்டியில வெப்போம்,” என்றாள் பிறகு. “நீ கீழ எறங்கினப்பல்லாம், இருபது வருஷமா நான் மேல ஒக்காந்து பயந்தேன். ஒரு வாரம் நீயும் பயந்து பாரு.”

சொல்லிவிட்டு, செடியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.