நெல்லுக்கு ஏது கரணை

விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. முப்பத்தொரு வருடமாகப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறேன். இந்த விஷயத்தில் பேராசிரியர்கள்தான் மோசம். சிலர் பிரியாணி தின்ற கையோடு வருவார்கள். அவர்கள் போன பிறகு அந்தப் புத்தகத்தைத் துணியால் துடைத்துத்தான் அடுக்கில் வைப்பேன். சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். பாகூரில் எங்கள் வீட்டு ஆட்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வெண்ணிலாவின் மனுவை விசாரிக்க வந்திருக்கிறீர்கள் அம்மா. கேட்பதற்கெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் கோப்பில் மேலாக இருக்கும் தாளில் என் மின்னஞ்சல் முகவரி இருப்பதை வரும்போதே பார்த்துவிட்டேன். மழுப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்கு எழுதும் ஒவ்வொரு ஆய்வேடும் என் மேசைக்கு வந்துதான் மேலே போகும். கணினியில் ஏற்றினால் அது மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இதில் இத்தனை விழுக்காடு அடுத்தவருடையது என்று சொல்லும். பத்துக்குள் இருந்தால் தெய்வநாயகம், நூலகர் என்று கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுப்பேன். அது இல்லாத ஏட்டைப் பதிவாளர் அலுவலகம் வாங்காது.

வருகிற ஏடுகளைப் பார்த்தால் உங்களுக்குச் சோறு இறங்காது. ஒருவன் மென்று துப்பியதை இன்னொருவன் எடுத்து மென்றிருப்பான். அறுபது, எழுபது விழுக்காடு காட்டும். உடனே நெறியாளரிடமிருந்து போன் வரும்: “தெய்வா, நம்ம பையன் ஏடு, கொஞ்சம் பாத்து செய்யிப்பா.” பார்த்துச் செய்ய வழி இருக்கிறது. எங்கெங்கிருந்து எடுத்தது என்று கணினி ஒரு பட்டியல் போடும். அதில் ஒவ்வொன்றாக, இதைச் சேர்க்காதே, இதைச் சேர்க்காதே என்று நீக்கிக்கொண்டே வந்தால் எண் இறங்கும். ஒன்பதில் நிறுத்துவேன். அதற்குக் கீழே கொண்டுபோக எனக்கே கூச்சம். கையெழுத்துப் போட்டதும் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். யாரிடமும் ஒரு இனிப்புப் பெட்டிகூட வாங்கியதில்லை. பெரிய மனிதர்கள் கேட்கும்போது முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்ல வேண்டாமே என்றுதான்.

வெண்ணிலா காட்டேரிக்குப்பத்துப் பெண். அப்பா பக்கிரி, கரும்பு வெட்டுகிற கூலி. இரண்டு பஸ் மாறி வந்து, ஒன்பது மணிக்கு நூலகம் திறக்கும்போது வாசலில் நிற்பாள். நூலக அறிவியலில் ஆய்வு. நம் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய ஆய்வேடுகளை அதன் பிறகு யாராவது எடுத்துப் படிக்கிறார்களா என்பது தலைப்பு. ஒருவரும் படிப்பதில்லை என்று முதல் நாளே சொன்னேன். “நானாவது படிக்கிறேனே சார்” என்று சிரித்தாள். அடித்தள அறையில் தும்மிக்கொண்டே இருநூற்றுச் சொச்சம் ஏடுகளையும் ஒன்றுவிடாமல் படித்தாள். ஒரு தடவைகூட விரலை நனைத்ததில்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகையில் இரண்டு ஏடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். ஒன்று பாகூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளைப் பற்றியது. மற்றது கிருமாம்பாக்கத்து நெல் விவசாயிகளைப் பற்றி மூன்று வருடம் கழித்து வேறொருவர் எழுதியது.

“சார், இந்த நெல்லு தீசிஸ்ல நூத்திப் பதினாலாம் பக்கம் பாருங்க.”

பார்த்தேன். ‘நெல் கரணைகளை இரு பருக்கள் இருக்குமாறு வெட்டி நடுதல் வேண்டும்’ என்று இருந்தது. கரணை என்பது முளைவிடும் பருவோடு நடுவதற்காக வெட்டுகிற கரும்புத் துண்டு. கரும்பு என்று இருந்த இடத்தையெல்லாம் கணினியில் ஒரே தட்டலில் நெல் என்று மாற்றிய புண்ணியவான் கரணையை விட்டுவிட்டான்.

“எங்கப்பா கேட்டாருன்னா வுழுந்து வுழுந்து சிரிப்பாரு. நெல்லுக்கு ஏது சார் கரணை?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இது மாதிரி நாப்பத்தியோரு தீசிஸ் கண்டுபுடிச்சிக்கிறேன். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்குது சார். யாரோ போலியா போட்டுக்கினு இருக்காங்க. நீங்க கம்ப்ளெயின்ட் குடுங்க, நான் வந்து சாட்சி சொல்றேன்.”

கிண்டலாகச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அவள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். எனக்காகக் கண்கலங்கி நின்றாள். கரும்பு வெட்டுகிறவன் மகள் என்மேல் பரிதாபப்படுகிறாள். எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்தேன்.

“நான் பாத்துக்கறேம்மா. நீ இத ஏட்டுல எழுத வேணாம்” என்றேன்.

“கண்டுபுடிச்சத எழுதாம வுட்டா எப்டி சார்? அப்பறம் ஆறு வருசம் இன்னாத்துக்குப் படிச்சேன்?” என்றாள்.

ஐந்தாம் இயலில் அட்டவணையே போட்டுவிட்டாள். அதில் என் பெயர் இல்லை. ஆனால் அந்த நாற்பத்தோரு ஏடுகளில் எதைத் திறந்தாலும் முதலில் இருப்பது என் சான்றிதழ்தான்.

தை மாதம் வரைவை முன்சோதனைக்குக் கொடுத்தாள். நான்கு விழுக்காடு வந்தது. என் கைக்கு வந்த ஏடுகளிலேயே சுத்தமானது அதுதான். வரைவை ஏற்றும்போது, சேமிக்கவா வேண்டாமா என்று கணினி கேட்கும். வரைவை ஒருபோதும் சேமிக்கக் கூடாது. சேமித்துவிட்டால், அதே ஏடு இறுதியாக வரும்போது அதன் பிரதி ஏற்கெனவே இருக்கிறது, இது திருட்டு என்று சொல்லிவிடும். புதிதாகச் சேருகிற உதவியாளர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அந்த வரைவை இன்னொரு தடவை ஏற்றினேன். நம் கணக்கில் இல்லை. வேறொரு கல்லூரிக்கு ஆலோசகராக இருந்தபோது அவர்கள் எனக்குக் கொடுத்த கணக்கு ரத்தாகாமல் இருந்தது, அதில். மாணவர் பெயர் கேட்டது; கீர்த்திகா என்று தட்டினேன். அப்படி ஒருத்தி கிடையாது. சேமி என்பதை அழுத்தினேன். பிறகு கைகழுவிவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

ஜூன் முப்பது அவளுக்குக் கடைசித் தேதி. ஆறு வருடம் முடிகிறது, அதற்குமேல் நீட்டிப்பு இல்லை. இருபத்தெட்டாம் தேதி இறுதி ஏட்டோடு வந்தாள். தொண்ணூற்றாறு விழுக்காடு. திரையைத் திருப்பி அவளுக்கே காட்டினேன்.

“யாரு சார் இந்தக் கீர்த்திகா? தையில நாலுதான சார் வந்துச்சி?”

“அப்ப அந்தப் பொண்ணோட ஏடு உள்ள ஏறலம்மா. இப்ப ஏறியிருக்கு.”

“இன்னா சார் இது, நான் எழுதினது சார்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கீர்த்திகாவின் ஏட்டைத் திறந்து பார்க்க அந்தக் கல்லூரி அனுமதிக்க வேண்டும். என் எதிரிலேயே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள், நான்தான் அனுப்பிக்கொடுத்தேன். அந்தக் கணக்கில் இருந்தது என் மின்னஞ்சல் முகவரி, அதனால் அது எனக்கே வந்து சேர்ந்தது. அனுமதி இல்லை என்று பதில் தட்டிவிட்டு, “மறுத்துட்டாங்கம்மா” என்றேன். அந்த ஒரு மூலத்தை நீக்கியிருந்தால் எண் நான்குக்கு இறங்கியிருக்கும். அப்படி நீக்கச் சொல்லி என்னிடம் கேட்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பதிவு ரத்தானது. காரணம், எழுத்துத் திருட்டு என்று போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நான்காம் நாள் பக்கிரி வந்தார். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். உட்காரச் சொன்னேன்.

“எம்பொண்ணு எடுக்காது சார். வெட்டிப் போட்டுக் கெடக்கிற கரும்பக்கூட கேட்டுட்டுத்தான் ஒடிக்கும். வூட்டாண்ட எல்லாரும் திருட்டுப் படிப்புன்னு பேசறாங்க. மூணு நாளா அது சோறு துன்னல” என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் போனதும் நாற்காலியை டெட்டால் போட்டுத் துடைக்கச் சொன்னேன்.

அவளை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பதிவாளரிடம் நானே பேசி நூலகத்தில் தினக்கூலி வேலை வாங்கிக்கொடுத்தேன். இப்போது புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டுகிறாள். அவள் பக்கத்தில் வந்தால் ஆய்வு மாணவர்கள் தங்கள் தாள்களைக் கவிழ்த்து வைத்துக்கொள்கிறார்கள். “சார் இல்லன்னா நான் செத்துப் போயிருப்பேன்” என்று எல்லாரிடமும் சொல்கிறாளாம். உங்களுக்கு எழுதிய மனுவிலும், தனக்குள்ள ஒரே சாட்சி என்று என் பெயரைத்தான் போட்டிருக்கிறாள்.

அதனால் நேராகவே சாட்சி சொல்கிறேன். அது வெண்ணிலா எழுதிய ஏடு. ஒரு வரிகூடத் திருட்டில்லை. கீர்த்திகா என்று பெயர் போட்டு அதை ஏற்றியவன் நான். தெரிந்தே செய்தேன். இந்த வாக்குமூலத்தில் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது என் பக்கம் நகர்த்தினீர்களே, அவள் பெயருக்குப் புதுச் சான்றிதழ், அதில் மட்டும் கையெழுத்துக் கேட்காதீர்கள். நான் பதவியில் இருக்கும்வரை என் கையெழுத்து இல்லாமல் அவளுக்குப் பட்டம் இல்லை என்பது தெரியும். வெளியே பெஞ்சில் அவளும் அவள் அப்பாவும் காத்திருப்பதும் தெரியும். அந்த மூலத்தை நீக்கினால் நான்குதானே என்கிறீர்கள். கணினி தொண்ணூற்றாறு என்று காட்டிய ஏட்டில் நான்கு என்று எழுதுவது மோசடி அம்மா. அந்த அசிங்கத்துக்கெல்லாம் என் கை வராது.