சாப்டாச்சான்னு கேக்கக் கூடாது

இல்லக்கா, நான் அவரு இல்ல. முகம் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், நெறைய பேரு கேட்டாச்சு. போன வாரம்கூட ஒரு பொண்ணு, 'ஒரு கிண்ணம்'ங்கற சமையல் வீடியோ சேனல்ல வர்ற பியோ கில்சூ நீங்கதானேன்னு கேட்டு நின்னுச்சு. நான் இந்த மொக்போ சந்தைல சோத்துக்குத் தொட்டுக்க செஞ்சு விக்கிறவன், அவ்வளவுதான். என்ன வேணும், நெத்திலி வறுவலா, தாமரைக்கிழங்கா?

குரலா? குரல் ஒத்துப்போறது என்ன அதிசயம். இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாருமே இப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசுவாங்க.

தேஜான்லேர்ந்தா? இதுக்குன்னே ரயிலேறி வந்தீங்களா? அட என்னக்கா நீங்க. மொதல்ல உக்காருங்க. அந்த கிம்ச்சி டப்பாவத் தள்ளி வச்சுட்டு உக்காருங்க. பார்லித் தண்ணி இருக்கு, குடிங்க. சாப்... இல்ல, ஒண்ணுமில்ல. இந்தக் கடைல அதக் கேக்கக் கூடாது.

ஏன்னா, அவரு வீடியோ ஆரம்பிக்கும்போது சாப்டாச்சான்னு கேப்பாருல்ல, அந்தக் கேள்விய ஒரு கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டாரு. சிரிக்காதீங்கக்கா. நாட்டுல ஒருத்தரப் பாத்தா இன்னொருத்தர் மொதல்ல கேக்கறதே அதுதான், இவரு மட்டும் கேக்கக் கூடாது. பேரு, மூஞ்சி, குரல், அந்தக் கேள்வி, எல்லாம் அவங்களுது. நான்தான் அவன்னு யார்கிட்டயாவது சொன்னா வக்கீல் நோட்டீஸ் வரும், கடை போய்டும். அவரு கடையச் சொல்றேன். எனக்கென்ன.

எனக்கு எப்படித் தெரியும்னா, சந்தைல பேசிக்குவாங்க. காதுல விழும்.

மொதல்ல ஒத்தை அடுப்பு, ஒரு சட்டி, அவ்வளவுதான் அவருக்கு. பொண்டாட்டி விட்டுட்டுப் போனப்புறம் தனியாளுக்கு எப்படிச் சமைக்கறதுன்னு தட்டுத்தடுமாறிக் கத்துக்கிட்டு, கத்துக்கிட்டத அப்படியே வீடியோவாப் போட்டாரு. ஒரு ஆளுக்கு அரை முள்ளங்கி போதும்னு புரியறதுக்கே ஆறு மாசம் ஆச்சு. விளம்பரமெல்லாம் வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்னு நாப்பத்திமூணு பேரு மாசாமாசம் ஒரு காபிக் காசு அனுப்புனாங்க. அந்தப் பேரையெல்லாம் எழுதி அடுப்புக்கு மேல ஒட்டி வச்சிருந்தாரு. எண்ணெய் தெறிச்சுப் பாதி எழுத்து அழிஞ்சே போச்சு. அப்புறம் என்னாச்சு, எல்லாம் அரை நிமிஷ வீடியோன்னு ஆகிப்போச்சு. நடுநடுவுல கடன் விளம்பரம், முடி முளைக்கற விளம்பரம். இவரு முள்ளங்கி வேகட்டும்னு இருபது நிமிஷம் சட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. எவன் பாப்பான். அந்த நாப்பத்திமூணு பேரத் தவிர யாரு கண்ணுலயும் படல.

அப்பத்தான் சியோல்லேர்ந்து அந்தக் கம்பெனி ஆளுங்க வந்தாங்க. சின்ன சேனல்களுக்குக் கை கொடுக்கறோம்னு விசிட்டிங் கார்டுலயே அச்சடிச்சிருந்தாங்க. நல்லாக் கொடுத்தாங்க கை. ரெண்டு நாள் உக்கார வச்சு எல்லாப் பக்கமும் படம் புடிச்சாங்க. ஒரு தடி புஸ்தகத்தக் குடுத்து, சந்தோஷமா வாசி, சோகமா வாசி, செல்லமாத் திட்டுன்னாங்க. முட்டாப்பய, ஏதோ விளம்பரத்துக்குன்னு நெனச்சு உசுரக் குடுத்து வாசிச்சான். அதுக்கப்புறம் பாட்டில்ல வர்ற சாஸக் குடுத்து, எங்கம்மா வச்ச மாதிரியே இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க. மாட்டேன்னான். சரி, நீங்க இனிமே வர வேண்டாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் அவன் அங்க போகவே இல்ல. வீடியோ மட்டும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

ஆமாக்கா, இப்ப வர்றது ஆளே இல்ல, அன்னிக்குப் புடிச்ச மூஞ்சியையும் குரலையும் வச்சு மெஷினு செய்யறது. நீங்க கவனிக்கலையா, ரெண்டு வருஷமா அவரு ருசி பாக்கறதே இல்ல. முன்னாடியெல்லாம் கரண்டியில எடுத்து வாயில வச்சுப் பாத்து மூஞ்சியச் சுளிப்பாரு. இப்ப நேரா கிண்ணத்துல ஊத்தி, பிரமாதம்ங்கறாரு. அதுக்கு நாக்கு ஏது.

அதான் சொல்றேன், அந்தக் காபிக் காச நிறுத்துங்க. அது அவருக்கு வந்து சேரல. நாலு வருஷமா குடுக்கறீங்களா? அப்ப நீங்களும் அந்த நாப்பத்திமூணுல ஒருத்தரா? வீடியோவுக்குக் கீழ என்ன பேருல எழுதுவீங்க?

தேஜான் முள்ளங்கியா? நீங்களாக்கா அது? எட்டாவது வீடியோவுல, உப்ப அள்ளிக் கொட்டறியே, நாக்கு செத்துப் போச்சான்னு திட்டுனீங்களே. மறுநாளே திரும்பச் செஞ்சு பாத்தேன். நீங்க சொன்னது சரிதான், வாயில வைக்க முடியல. புதுசா எடுத்துப் போட்டேன், பாத்தீங்களா?

சரி, வாய விட்டுட்டேன். விடுங்க. நீங்க என்ன போய்ச் சொல்லவா போறீங்க.

எதுக்குக்கா இப்படிக் குனியறீங்க, நிமிருங்க. பக்கத்துக் கடைக்காரி பாக்கறா. எனக்கு எதுக்கு நன்றி? மார்ச்சுலயா, என்ன மார்ச்சுல?

வீட்டுக்காரரா.

ஓ. கல்யாணமாகி முப்பத்தியொரு வருஷத்துல அன்னிக்குத்தான் மொத தடவையா ஒரு ஆளுக்கு மட்டும் சமைச்சு வச்சுட்டு, சோறு இறங்கலைன்னு வீடியோவுக்குக் கீழ எழுதினீங்களா. சரி. பதில் வந்துச்சா? காட்டுங்க. இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்.

'அழுதுக்கிட்டே சாப்பிட்டாலும் பரவாயில்ல, சாப்பிடுங்க. எதிர்ல நான் உக்காந்திருக்கேன்.'

நல்லா இருக்கு. நெஜமாவே நல்லா எழுதியிருக்கு. தெனமும் இதத் தெறந்து எதிர்ல வச்சுக்கிட்டா சாப்பிட்டீங்க? இத்தன மாசமுமா?

நெத்திலி நூறு கிராம் கட்டட்டுமாக்கா? கெட்டுப் போகாது, ஒரு வாரம் வரும். எனக்கு இந்தப் பதில் எழுதறதெல்லாம் வராது. அந்த உப்புக்குக்கூட வீடியோவாத்தானே போட்டேன். உங்க வீட்டுக்காரரு தவறினதே இப்ப நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.