பத்தொன்பதாவது வரி

உங்கள் படிவத்தில் ஒரு சின்னக் குறை இருக்கிறது. தப்பாக நினைக்க வேண்டாம், தொழில் புத்தி. பெயர் எழுத நான்கு வரி விட்டிருக்கிறீர்கள். 'நடந்ததை விவரிக்கவும்' என்பதற்கு இரண்டே வரி. இரண்டு வரியில் அடங்குகிற காரியத்துக்கு யாரும் விசாரணைக் குழு அமைப்பதில்லை. அதனால் பின்பக்கத்திலும் எழுதுகிறேன்.

யாரும் என்னை வரச் சொல்லவில்லை. எங்கள் பயிற்சி மாணவியைப் பற்றி நீங்கள் தயாரித்த அறிக்கையைப் படித்தேன். மூன்று குற்றங்கள் சொல்லியிருக்கிறீர்கள். பத்தொன்பதாவது வரியில் பட்டியலில் இல்லாத ஒரு பிழையைப் புகுத்தினாள். அதே வரியில் பங்கேற்பாளரிடம் வரம்பு மீறி உறவு கொண்டாடினாள். சோதனை முடியும் முன் இருக்கையை விட்டு எழுந்து ஓடினாள். இவை நிரூபணமானால் அவளுக்கு இந்தத் துறையில் எந்த ஆய்வுக்கூடமும் கதவு திறக்காது என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டும் தவறான தகவல்கள். தவறான தகவலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் வேலை உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். மனிதர்கள் ஒரு கருவியோடு மல்லுக்கட்டும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் இரண்டு அறைகள். முன் அறையில் ஒரு சோபா, ஒரு மேசை, மேசைமேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பேசும் கருவி. தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் துணையாக இருக்கப்போகிற கருவி. கேட்டால் பதில் சொல்லும். உண்மையில் அதற்குள் ஒரு ஒலிபெருக்கியைத் தவிர ஒன்றும் கிடையாது. சுவரில் ஒரு கண்ணாடி. முன் அறையிலிருந்து பார்த்தால் தன் முகம் தெரியும். பின் அறையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். பின் அறையில் ஒருவர் உட்கார்ந்து பதிலைத் தட்டச்சு செய்வார், பெட்டி அதை வாசிக்கும். இது ஏமாற்று வேலை அல்ல, பாடத்திலேயே உள்ள முறை. கருவியைச் செய்து முடிக்க இரண்டு வருடம் ஆகும். கருவியாக நடிக்க ஒரு பயிற்சி மாணவி போதும். நானும் இருபது வருடத்துக்கு முன்னால் அதே நாற்காலியில்தான் ஆரம்பித்தேன்.

உண்மையான கருவி ஐந்தில் ஒரு பேச்சைத் தப்பாகக் கேட்கும். ஆகவே உள்ளே இருப்பவரும் ஐந்தில் ஒரு முறை புரியாதது போல் நடிக்க வேண்டும். எந்த முறை என்பதை அவரிடம் விட்டால் இரக்கம் பார்ப்பார். எனவே குலுக்கல். ஒரு சோதனையில் பெட்டி சொல்லும் பதில்கள் நாற்பது, ஒவ்வொன்றையும் ஒரு வரி என்போம்; ஒன்று முதல் நாற்பது வரை சீட்டு எழுதிக் கிண்ணத்தில் போட்டு எட்டு எடுப்போம். வந்த எண்கள் பிழை வரிகள், அதுதான் பட்டியல். அந்த வரிகளில் பங்கேற்பாளர் எதைக் கேட்டாலும் 'மன்னிக்கவும், புரியவில்லை' என்பதுதான் பதில்.

இதற்கு ஆள் தேர்ந்தெடுப்பது லேசான விஷயமில்லை. இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: மனிதர்களுக்கு உதவ ஆசை. அவர்களுக்காக நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். நேர்காணலின் நடுவில் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறக்க முடியாமல் திணறுவேன். அந்த வருடம் வந்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் "குடுங்க சார்" என்று கை நீட்டினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். இவள் ஒருத்திதான் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் காரணம் கேட்டேன். "பயத்துல கை வரலை சார்" என்றாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

உதவக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் பாடம். "இதை அழுத்தவா?" என்று அவர்கள் கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி வீட்டிலும் வந்துவிடுகிறது. ஒருநாள் என் மனைவி, "கேஸ் வாடை வருதோ?" என்றாள். "நீ என்ன நினைக்கிற?" என்றேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

பன்னிரண்டாவது பங்கேற்பாளர் கடைசி நேரத்தில் வரவில்லை. பதினொரு பேரோடு கட்டுரை அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள். என் மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். டெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர். கேட்பவரும் சொல்பவரும் யாராக இருந்தாலும் பேச்சு வேண்டும் அவருக்கு. "வர்றீங்களா மாமா?" என்றதும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். பங்கேற்பாளர் படிவத்தில் 'ஆய்வாளருக்கு உறவா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தேன். அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அன்றைய குலுக்கலில் சீட்டு எடுத்ததே அவர்தான். முந்தின சாயங்காலம் சாப்பாட்டு மேசையில், எதற்கு என்று தெரியாமல் எடுத்துக்கொடுத்தார். "பதினேழும் பதினெட்டும் அடுத்தடுத்து வந்துடுச்சே மாப்ளே, ஒண்ணைத் திருப்பிப் போட்டுடவா?" என்று கேட்டார். "வேண்டாம் மாமா, குலுக்கல்னா குலுக்கல்தான்" என்றேன். அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சோதனை நன்றாகவே தொடங்கியது. நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. அவர் அட்டையைத் தொடுவதற்கு முன்பே பெட்டியைப் பார்த்து, "ஏம்மா, சாப்டியா?" என்றார். மாணவி அன்று காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, 'நான் ஒரு கருவி ஐயா. எனக்குப் பசிக்காது' என்று தட்டினாள்.

அவர் சிரித்துவிட்டார். "கருவின்னா ஐயான்னு கூப்பிடுமா? எக்சேஞ்சுல இருந்தவன்மா நான். எந்தப் பெட்டிக்குப் பின்னாடியும் ஒரு ஆள் உக்காந்திருக்கும். பயப்படாதே, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

இனி 'ஐயா' சேர்க்காதே என்று அவளைக் கண்டித்தேன். கேட்கவில்லை. அவளையும் அறியாமல் விரல் சேர்த்துவிடும். கருவிக்குப் பணிவு கூடாது, அது முடிவுகளைக் கெடுக்கும் என்று அன்று அவளுக்கு நீளமாகப் பாடம் எடுத்தேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அது ஏன் நினைவுக்கு வருகிறது என்று பிறகு சொல்கிறேன்.

பதினொன்று இருபத்திரண்டுக்குப் பதினேழாவது வரி. மூன்றாவது அட்டை கையில் இருந்தது; நாளை மழை வருமா என்று கேட்க வேண்டிய அட்டை. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, மன்னிப்புக் கேட்பது போன்ற குரலில் சொன்னார்: "ஏம்மா, வலது கை மரத்துப்போன மாதிரி இருக்கு. நாக்கு வேற இழுக்குது. மாப்பிள்ளை வெளியிலதான் இருப்பாரு, கொஞ்சம் கூப்பிடு."

மாணவியின் கை அந்தரத்தில் நின்றது. "சார், இது கார்டுல இல்லையே."

"லிஸ்ட்ல என்ன இருக்கு?"

"பிழைன்னு இருக்கு."

"அப்புறம் என்ன?"

தட்டினாள். 'மன்னிக்கவும், புரியவில்லை ஐயா. மீண்டும் சொல்லுங்கள்.'

அவர் பெட்டியின் பக்கம் குனிந்தார். சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து, "வலது கை. வரலை. மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்றார். மாணவி எழுந்தாள். "ஆபத்துக்குப் பாவமில்ல சார், நான் போறேன்." நான் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். "உக்காரு. இப்ப போனா என் சிபாரிசுக் கடிதம் உனக்குக் கிடையாது" என்றேன். அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இருநூறு இடங்களுக்கு விண்ணப்பித்து இங்கே ஒரு இடம் கிடைத்து வந்தவள். உட்கார்ந்தாள். ஆனால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பதினெட்டாவது பதிலை நான் தட்டினேன். அது பட்டியலில் உள்ளபடிதான்.

அவர் நான்காவது அட்டைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன் என என் குறிப்பில் இருக்கும். நான்காவது அட்டையில் 'அவசரம் வந்தது போல் நடித்து உதவி கேளுங்கள்' என்று எழுதியிருந்தது. அந்தக் குறிப்பு சரியல்ல. நான்காவது அட்டை மேசைமேல் கவிழ்ந்தே கிடந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. மேலும், மற்ற பதினொரு பேரும் நடித்ததைப் பார்த்தவன் நான். நடிப்பவர்கள் சத்தம் போடுவார்கள், பாதியில் சிரிப்பார்கள். இவர் சிரிக்கவில்லை.

நான் எப்படி உணர்ந்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சந்தோஷமாக இருந்தேன். கருவி புரியவில்லை என்று சொல்லும்போது மனிதர்கள் பேச்சை எப்படிச் சுருக்குகிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. நிஜமான அவசரத்தில் அதை யாரும் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்ததில்லை. கேட்டால் அனுமதியும் தரமாட்டார்கள். இங்கே அது தானாக நடந்துகொண்டிருந்தது. முதலில் பதினான்கு சொல். அடுத்து ஐந்து.

நான்கைந்து நிமிடம் போனது. இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு குழறலாக ஒரே ஒரு சொல்: "மாப்ளே."

பத்தொன்பதாவது வரி. பத்தொன்பது பட்டியலில் இல்லை. சொல்ல வேண்டிய பதில் தயாராகவே இருந்தது, 'இதோ கூப்பிடுகிறேன்'. ஒரு விசையைத் தட்டினால் போதும். ஆனால் பதினான்கு, ஐந்து, ஒன்று. அதற்கடுத்து என்ன மிஞ்சும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. நான் வேறு தட்டினேன். பதிவில் உள்ளபடி: 'புரியலை மாமா, இன்னொரு தடவை சொல்லுங்க.'

ஆம், அந்த 'மாமா' என்னுடையது. பதினெட்டு வருடப் பழக்கம், விரலில் வந்துவிட்டது. 'ஐயா'வுக்காக அந்தப் பெண்ணை அரைமணி நேரம் கண்டித்தவன் நான்.

பெட்டி அதைத் தன் குரலில் வாசித்தது. அவர் தலையை நிமிர்த்திக் கண்ணாடியைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் முகம்தான் அவருக்குத் தெரியும் என்பதை மறுபடி சொல்கிறேன். நாற்பது விநாடி பார்த்தார். நான்காவது முறை அவர் எதுவும் சொல்லவில்லை. 'கருவியின்மீது நம்பிக்கை இழப்பு' என்று குறித்துக்கொண்டேன். அதை எழுதும்போதுதான் மாணவி என் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். மணி பதினொன்று முப்பத்தொன்று. உங்கள் மூன்றாவது குற்றச்சாட்டு அதனால் உண்மைதான். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஒன்பது நிமிடத்தால் என்ன வித்தியாசம் என்று டாக்டரிடம் கேட்டேன். "பக்கவாதத்துல ஒவ்வொரு நிமிஷமும் கணக்குதான்" என்றார். பொதுவாகச் சொன்னார், எண்ணாக எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிரே போயிருக்கும் என்றும், ஓடிவந்த பெண்ணுக்கு நன்றி சொல்லுங்கள் என்றும் சொன்னார். என் மனைவி அவளுக்கு நன்றி சொன்னாள். பிறகு என்னிடம், "அப்பா கடைசியா நல்லாப் பேசினது உங்க மெஷின்கிட்டதான். என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். நாளைக்கு மழை வருமான்னு கேட்டார் என்றேன்.

இப்போது கொஞ்சம் தேறிவிட்டார். மகளிடம் தண்ணி கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார். என்னிடம் மட்டும் பேச்சு வருவதில்லை. நரம்பு சம்பந்தப்பட்டது, ஆளுக்கு ஆள் மாறும் என்று நினைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அருகில் உட்கார்ந்து, "ஏதாவது சொல்லணுமா மாமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பீரோக் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது விநாடிக்கு மேல் இருக்கும். அன்று கடிகாரம் பார்க்கவில்லை.

கட்டுரை அச்சுக்குப் போகிறது. திருத்தப் பிரதி நேற்று வந்தது, அதைப் பார்த்துத்தான் இங்கே வந்தேன். மூன்றாம் அட்டவணையில் பன்னிரண்டாம் பங்கேற்பாளருக்கு எதிரே 'அடுத்தடுத்து நேர்ந்த கருவிப் பிழைகள்: மூன்று' என்று இருக்கிறது. விசாரணை முடியும்வரை அதில் நான் கைவைக்கக் கூடாது; தயவுசெய்து அதை இரண்டு என்று திருத்திவிடுங்கள். மற்றபடி அன்று எல்லாம் முறைப்படிதான் நடந்தது.