நான்காம் எண் சிலாப்

என் பெயர் நான் கொடுத்த அடையாள அட்டையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டெய்லர் அக்கா என்று கேட்டால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். வயது ஐம்பத்து மூன்று. தெருவின் வளைவில் உள்ள ஒன்பதாம் எண் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்து, பின்னறைகளில் என் தங்கையுடன் வசிக்கிறேன். எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஆறு ஆண்டுகளாக நான்தான் செயலாளர். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் சங்கத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் இந்த வழக்கே புரியாது. முன்பெல்லாம் கூட்டத்தில் ஒரு வேலையைப் பேசினால் நாலு பேர் முடியாது என்பார்கள், வேலை நின்றுவிடும், அதன் பிறகு அதே நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து சங்கம் ஒன்றும் செய்வதில்லை என்பார்கள். அதனால் நான் செயலாளரான முதல் வருடமே ஒரு தீர்மானம் போட்டேன். எந்த வேலையை யார் எதிர்க்கிறாரோ, அவரே அந்த வேலைக்கு மேற்பார்வையாளர். தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயரை மட்டும் எழுதுவோம், வேறு யார் பெயரும் இருக்காது. அன்றோடு வெட்டி எதிர்ப்பு ஒழிந்தது. விஷயம் தெரிந்து எதிர்ப்பவர் ஒருவர் மட்டும் மிஞ்சினார்.

அவர்தான் இன்று காலை எட்டு மணிக்கு நீங்கள் அழைத்துவந்து அந்த பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். வயது எழுபத்தொன்று. தெருவில் அவருக்கு வேண்டாம் சார் என்று பெயர். எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை வேண்டாம் என்றுதான் வரும். மரக்கன்று நட வேண்டாம் என்றார், வேர் சுவரைப் பிளக்கும் என்றார். மேற்பார்வையை அவர் தலையில் கட்டினோம். சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிக் குழி வெட்டுவது என்று நாடா பிடித்து நின்றார். இன்றைக்கு எங்கள் தெருவில் பதினாறு மரங்கள் நிற்கின்றன, ஒரு சுவரில்கூட விரிசல் இல்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளவும்.

எங்கள் தெரு வளைவில், என் வீட்டு வாசலையும் சேர்த்து, சுமார் பதினெட்டு அடி நீளத்துக்குச் சாக்கடை மூடாமல் கிடந்தது. ஏழு முறை மனு கொடுத்தோம், கிணற்றில் போட்ட கல்தான். சென்ற மாதம் இருபதாம் தேதி என் தங்கை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது அதற்குள் விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. அவளைத் தூக்கும்போது, "அக்கா, செருப்பு ஒண்ணு உள்ளயே போச்சு" என்றாள். அன்று மாலையே என் கடையில் கூட்டம் போட்டு, நாங்களே கான்கிரீட் சிலாப் வார்த்து மூடுவது என்று முடிவு செய்தோம். வேண்டாம் சார் எழுந்தார். மூடினால் அடைப்பு எடுக்க வழியிருக்காது, மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்றார். சரி, சார்தான் மேற்பார்வை என்று எழுதினேன்.

அதன் பிறகு இந்த மாதம் மூன்றாம் தேதி எங்கள் தெருக் கொத்தனார் என் வீட்டுப் பின்கட்டில் பன்னிரண்டு சிலாப்புகளை வார்த்தார். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். தூக்குவதற்கு வசதியாக ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்பு வளையம் வைக்கச் சொன்னது சார். கம்பி எண்ணி வாங்கியது சார். மறுநாள் காய்ந்ததும் பெயின்ட் டப்பாவோடு வந்து, ஒவ்வொரு சிலாப்பின் மேலும் எண்ணையும், இருபத்து நான்காம் தேதிக்கு முன் போட வேண்டாம் என்பதையும் தன் கைப்பட எழுதினார். இருபத்தொரு நாள் ஈரச் சாக்கு மூடித் தண்ணீர் ஊற்றினால்தான் அது கல், இல்லாவிட்டால் பிஸ்கட் என்றார். தினமும் காலையில் வந்து சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

பன்னிரண்டாம் தேதி மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து என் தங்கையை அனுப்பிவிட்டார்கள். ஆட்டோ வாசலில் நின்றது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் சாக்கடை ஓரத்தில் நின்று அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. கொத்தனாரையும் எதிர்வீட்டு இஸ்திரிக்காரரையும் கூப்பிட்டு, ஒரே ஒரு சிலாப்பை வாசலுக்குக் கொண்டுவந்து போடச் சொன்னேன். கொத்தனார், "அக்கா, சார் தேதி போட்டிருக்காரே" என்றார். "தேதி சாருக்கு, காலு என் தங்கச்சிக்கு. தூக்குங்க" என்றேன். வார்த்து அது ஒன்பதாம் நாள். போட்டது நான்காம் எண் சிலாப். எழுத்து மேலே தெரிந்தால் சார் பார்த்துவிடுவார், தெரியாவிட்டால் ஏதோ பழைய கல் என்று நினைப்பார் என்று, எழுத்துப் பக்கம் கீழே போகும்படி புரட்டிப் போடச் சொன்னதும் நான்தான். அவர்கள் இருவரும் நான் சொன்னதைச் செய்தவர்கள், அவ்வளவே.

அதன் பிறகு இன்று காலை ஆறே முக்கால் மணிக்குக் குப்பை லாரி வழக்கம்போல வளைவில் பின்னோக்கி வந்தபோது, பின்சக்கரம் அந்தச் சிலாப்பின் மேல் ஏறி, அது இரண்டாக உடைந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஓட்டுநருக்கு மணிக்கட்டு முறிந்தது. அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தது நான். அப்போது அவர், "தொறந்து கிடந்தா நான் அந்தப் பக்கமே ஏத்தமாட்டேன்கா. மூடியிருக்கே, தரைதானேன்னு நம்பிட்டேன்" என்றார். இதைவிடப் பெரிய திட்டை நான் யாரிடமும் வாங்கியதில்லை.

பின்னர் காவலர் ஒருவர் வந்து உடைந்த துண்டுகளையும் எங்கள் தீர்மானப் புத்தகத்தையும் கைப்பற்றினார். அந்த வேலைக்குப் புத்தகத்தில் உள்ள ஒரே பெயர் வேண்டாம் சார் பெயர். அதனால் அவரை அழைத்து வந்தீர்கள். வேலையை எதிர்த்த ஒரே மனிதரை அதே வேலைக்குக் குற்றவாளியாக நிறுத்தும்படி ஒரு புத்தகத்தை எழுதி வைத்தவள் நான். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். வழக்கு என்று ஒன்று பதிவானால் சார் அங்கே போக விசா கிடைக்காது. பிறக்கப்போகும் குழந்தைக்கு என்னிடம் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார், அதற்கும் அளவை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நிலையத்து வாசலில் கிடக்கும் அந்தத் துண்டுகளைப் புரட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்டபடி உதவி ஆய்வாளர் என் முன்னிலையில் துண்டுகளைப் புரட்டினார். சாக்கடைச் சேற்றைத் துணியால் துடைத்தபோது ஒரு துண்டில் 4 என்ற எண்ணும் 24 என்ற தேதியும், மறு துண்டில் போட வேண்டாம் என்பதும் ஆசிரியர் கையெழுத்தில் தெளிவாக இருந்தன. இஷ்டப்படி தேதியை மீறியது நான், மறைத்தது நான், பொறுப்பும் நானே. ஓட்டுநர் கை சரியாகும் வரை அவர் வீட்டுக்கு வேண்டியதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். மீதிப் பதினொரு சிலாப்புகளும் ஈரச் சாக்குக்கு அடியில் இருக்கின்றன. அவற்றை எடுத்துப்போக வேண்டாம். வேலையில் தவறில்லை, என் அவசரத்தில்தான் தவறு. இருபத்து நான்காம் தேதி அவற்றைப் போடுவோம், உடைந்ததற்குப் பதில் புதிதாக ஒன்று வார்ப்போம், லாரி ஏறாதபடி ஓரத்தில் கல் நடுவோம்.

இதுவரை எழுதியதை எழுத்தர் உரக்கப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் பெஞ்சிலிருந்து வேண்டாம் சார் எழுந்து, "வேண்டாம். என்னை விட்டுட்டு எழுத வேண்டாம்" என்றார். பன்னிரண்டாம் தேதி மாலையே தெருவில் போகும்போது அந்தச் சிலாப்பைப் பார்த்துவிட்டதாகவும், பின்கட்டில் சாக்கைத் தூக்கி எண்ணிப் பார்த்து நாலாம் எண் இல்லை என்று உறுதி செய்துகொண்டதாகவும் சொன்னார். உதவி ஆய்வாளர், "சார், உங்க பயணத்தை யோசிச்சுப் பேசுங்க" என்றார். அதற்கு அவர், "பேரப்பிள்ளை ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தாலும் பேரப்பிள்ளைதான். நான் சொல்ல வேண்டியதை எழுதுங்க. எடுக்கச் சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன். அந்தப் பொண்ணு தடியக்கூட ஊனாம அது மேல ரெண்டு அடி நடந்து வந்து சிரிச்சுது. அன்னிக்கு மட்டும் வாயில வேண்டாம் வரல" என்றார்.

இதைக் கேட்டு நான் அழுதேன், அதையும் எழுதலாம். ஆனால் அவர் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது குற்றம் என்று யாராவது சொன்னால், எங்கள் தெருவில் நூற்று நாற்பது பேர் வந்து அதை எதிர்ப்பார்கள், எதிர்ப்பவர்கள் அத்தனை பேரையும் மேற்பார்வையாளராகப் போடுவேன். இந்த வாக்குமூலத்தை எதிர்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், சங்க வழக்கப்படி இதன் மேற்பார்வையும் அவருக்கே. உதவி ஆய்வாளர் சிரித்துக்கொண்டே தாளை அவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஒரு வரியும் கூட்டவில்லை, ஒரு வரியும் குறைக்கவில்லை, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)
செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்

மேற்பார்வையிட்டேன். சாக்கடையின் நீளம் பதினெட்டு அடி இரண்டு அங்குலம் என்று திருத்தவும். மற்றபடி எதிர்ப்பு இல்லை.

(கையொப்பம்)
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்