ஒரு நூல் இடைவெளி

இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சியின் தலைவிதியை நிர்ணயித்தவன், கார் மெக்கானிக் வேம்புவாகிய நான்தான் என்பதை ரயில்வே இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கும் பொதுமக்களுக்கும் இதன்மூலம் அறிவித்துக்கொள்கிறேன்.

ராசாங்கம் ஏற்கெனவே தலைவராக இருந்தவர். டீ குடிக்கக் கூப்பிட்டாலும் ‘அன்பார்ந்த பெரியோர்களே’ என்றுதான் ஆரம்பிப்பார். அவரை எதிர்த்து நிற்கத் துணிந்தவள் என் மனைவி கொளஞ்சியம்மாள் ஒருத்திதான். பெயர் அவளுடையது, நிர்வாகம் என்னுடையது என்று இருவரும் பேசி முடித்திருந்தோம். அதாவது, நான் பேசினேன்.

மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் மூன்று மணிவரை நேரம். தன்னுடைய அறுபதாம் வருஷத்து அம்பாசடரில் மாலையோடு போய் இறங்கினால்தான் யோகம் என்று ராசாங்கத்துக்கு ஜோசியர் சொல்லியிருந்தார். பிரேக் சரியில்லை என்று முந்தின நாள் வண்டியை என்னிடமே விட்டார். எதிராளியின் புருஷனிடம் பிரேக்கை ஒப்படைப்பவர் ஊராட்சியை எப்படிக் காப்பாற்றுவார், நீங்களே சொல்லுங்கள்.

பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிக் கழுவி, பெரம்பலூரில் வாங்கிய புது ரப்பர்களைப் போட்டேன். வேலை சுத்தம். பெடலிலிருந்து வரும் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் ஆயில் திரும்ப வழியில்லாமல், ஓட ஓட பிரேக் தானாக இறுகிக்கொள்ளும். அந்த ஒரு நூலை நான் விடவில்லை. பிரேக் பிடிக்காமல் செய்பவன் கொலைகாரன். பிடித்ததை விடாமல் செய்பவனுக்கு, மிஞ்சிப்போனால், அக்கறை கொஞ்சம் அதிகம்.

வண்டி ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே நின்றது. மணி இரண்டேகால். புது பிரேக்காயிற்றே என்று ராசாங்கம் என்னையும் முன்சீட்டில் ஏற்றி வந்திருந்தார்.

“என்னடா வேம்பு, அடிச்சா நிக்கணும்னுதான சொன்னேன்? அடிக்காமலே நிக்குது!”

“புது ரப்பருங்க. பழகணும்.”

பிரேக் ஆயில் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் போதும், பிரேக் விட்டுவிடும். ஸ்பேனர் என் இடுப்பில்தான் இருந்தது. இருபது பேர் தள்ளிப் பார்த்தார்கள். கேட்டை மூட முடியாததால் ரயில் சிக்னலிலேயே நின்று கூவியது. இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்திருந்தேன் என்று சொல்ல ஆசைதான்.

பின்னால் மாட்டிக்கொண்ட டவுன் பஸ்ஸின் ஜன்னலில் கொளஞ்சியம்மாள் முகம் தெரிந்தது. காலையிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள்.

“ஏங்க, நீங்கதான மாவாட்டி வெச்சுட்டுப் போகச் சொன்னீங்க?”

சொன்னேன்தான். தலைவரான பிறகு அவளுக்கு ஏது நேரம்?

“எறங்கி நடந்துரட்டா?”

“உக்காரு. நீ நடந்தா அவரும் நடந்துருவாரு. நான் ஆட்டோ கொண்டாரேன்.”

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்தேன். ஆட்டோ நின்றதும் ராசாங்கம் மாலையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“கார்லதான் போவணும்னாரே ஜோசியரு?” என்றேன்.

“வண்டின்னுதான்டா சொன்னாரு. இதுவும் வண்டிதான? உன் விசுவாசத்த மறக்க மாட்டேன்.”

ஐயா, அந்த நேரத்திலும் ஸ்பேனரை எடுத்திருக்கலாம். வழி விட்டிருந்தால் பஸ் போயிருக்கும். ஆனால் ஒரே திருப்பில் வண்டி சரியானால், பார்க்கிறவர்கள் என் தொழிலைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பெண்கள் முன்னேற்றத்துக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கொளஞ்சியம்மாள் நடந்தே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று பத்து.

ராசாங்கம் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.