அறுப்பின் பண்டிகையில் நான் சொன்ன சாட்சி

ஓடுகிறோம். மகளின் மணிக்கட்டு என் பிடிக்குள். காலுக்கடியில் சுடுமணல். முன்னால் பனங்கூடல். பின்னால் கோயில். கோயில் என்று நான் சொல்வது எங்கள் ஊர்த் தேவாலயத்தை. மன்னார்க் கரையில் அப்படித்தான் சொல்வோம்.

கடற்படைக்காரர் கடலிலிருந்து ஷெல் அடிக்கிறார்கள். முதலில் தொலைவில் ஒரு ‘டொம்’. யாரோ கதவைச் சாத்துவது போல. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தலைக்கு மேல் புதுச் சீலையைக் கிழிக்கிற சத்தம். அதற்குப் பிறகுதான் வெடி. நடுவில் ஒரு மூச்சை இழுக்கலாம். விட முடியாது.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. பகல் ஆராதனை. ஊரில் மிச்சமிருந்த சனம் கோயிலுக்குள் இருந்தது. கல்லுக் கட்டடம். மேலே சிலுவை. சிலுவை தெரிந்தால் அடிக்க மாட்டார்கள் என்றார்கள். நம்பினோம். என் கணவர் அருள்ராஜா நடு வாங்குப் பலகையில் இருந்தார். எங்கள் மகன் ரூபன் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நானும் மகள் ஜெயந்தியும் வெளியே. அவளுக்கு வயிற்றுப்போக்கு. பின்புறத்துக் கக்கூசுக்குக் கூட்டிப் போயிருந்தேன்.

முதல் ஷெல் கடற்கரையில் விழுந்தது. அருள் கோயில் வாசலுக்கு வந்தார். எங்களைக் கண்டார். இரண்டு கையையும் கீழே அழுத்திக் காட்டினார்.

“கீழ படுங்கோ! அங்கேயே படுங்கோ!”

படுத்தோம். ரூபனைத் தூக்கிவர அவர் உள்ளே திரும்பினார். இரண்டாவது ஷெல் கூரையில் விழுந்தது. கூரை உள்ளே போனது. கோயில் மணி ஒருமுறை அடித்தது. கயிற்றை யாரும் இழுக்கவில்லை. அதன் பிறகுதான் ஓடினோம்.

வள்ளத்தில் கடல் கடந்தோம். இந்தியக் கரையில், மண்டபம் முகாமில் இறக்கினார்கள். பெயர் எழுதினார்கள். பிறகு பஸ்ஸில் ஏற்றினார்கள். இறங்கிய இடம் அடி அண்ணாமலை. முகாமில் எங்களுக்கு ஒரு தகரக் கூரை. தலைக்குப் பின்னால் மலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆயிரக்கணக்கான கால்கள் எங்கள் கொட்டகையைத் தாண்டி மலையைச் சுற்றிப் போகும். அந்தக் காலடிச் சத்தம் எனக்குப் பயமில்லை. வெறுங்கால்கள். பூட்ஸ் இல்லை.

ஊரில் நான் பள்ளிக்கூட ஆசிரியை. இங்கே மல்லாட்டை பிடுங்கினேன். ஊரில் நாங்கள் கச்சான் என்போம். கடலை ஒன்றுதான். ஜெயந்தி கூட வந்து வரப்பில் உட்காருவாள். பேச மாட்டாள். தகரத்தில் ஒரு மாங்கொட்டை விழுந்தால் பாய்க்குள் போய்விடுவாள்.

டவுனில் ஒரு சபை இருந்தது. அதற்கு ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். விடுதி. விடுதியைச் சுற்றி உயரமான மதில். அந்த மதிலைப் பார்த்த நாள் முதல் எனக்கு வேறு நினைப்பே இல்லை. படிப்பு இரண்டாவது. மதில் முதலாவது. அவளை அதற்குள் வைத்துவிட வேண்டும். கல்லுச் சுவர் என்ன காப்பாற்றும் என்று நேரில் பார்த்தவள் நான். இருந்தும் கேட்டேன். தாய்மாருக்கு வேறு எதைக் கேட்கத் தெரியும்?

சபைச் செயலாளர் வாசலிலேயே நிறுத்தினார். நீங்க என்ன ஆளுங்க என்றார். ஆசிரியை என்றேன். சிரித்தார்.

“அத கேக்கலம்மா. ஜாதியில.”

அவர் தலைக்கு மேல் ஒரு வசனம் எழுதியிருந்தது. வருத்தப்படுகிறவர்களை வரச் சொல்கிற வசனம். அதற்கு அடியில் நின்றுகொண்டு கேட்டார். வசனம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது, அவர் பார்த்திருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டேன்.

போதகரின் மனைவி பழைய சீலைகள் கொடுத்தார். கொக்கி அறுந்த ரவிக்கைகள். வாங்கிக்கொண்டபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வருகிறதா என்று. வரவில்லை. ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. சபைப் பெண்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். குண்டு எவ்வளவு பக்கத்தில் விழுந்தது? சினிமா பார்த்துவிட்டு வந்தவளிடம் கதை கேட்பது போலக் கேட்டார்கள். யார் செத்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

விடுதி இடத்தைப் பற்றிப் போதகரிடம் பேசினேன். நல்லவர் போலத்தான் பேசினார். அறுப்பின் பண்டிகை வருகிறது என்றார். அன்றைக்குச் சபைக்கு முன்னால் சாட்சி சொல்லுங்கள். ஜனங்கள் உங்களைத் தெரிந்துகொள்ளட்டும். பிறகு கமிட்டியில் இடம் கேட்பது சுலபம். எனக்குச் சம்மதம். ஊரிலும் சாட்சி சொல்வது உண்டு. எழும்பி நின்று, வந்த ஆபத்தைச் சொல்லி, கர்த்தர் விடுவித்ததைச் சொல்லி, ஸ்தோத்திரத்தோடு உட்கார வேண்டும். கதை எப்போதும் விடுதலையில்தான் முடியும். அப்படி முடியாத கதை உள்ளவர் எழும்புவதில்லை.

போகும்போது போதகர் கூப்பிட்டார்.

“அம்மா, செத்தவங்க கத வேணாம். ஜனங்க பண்டிகைக்கு வர்றாங்க. ஜெபம் பண்ணினு இருந்தோம், கர்த்தர் தப்புவிச்சாருனு சொல்லி முடிச்சுடுங்க. சுருக்கமா.”

சரி என்றேன். மதிலுக்காகச் சரி என்றேன். கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகவே வந்தது.

பண்டிகை ஞாயிறு. பீடத்தைச் சுற்றிக் கரும்பு கட்டியிருக்கிறார்கள். வாழைத்தார். பூசணிக்காய். நெல் மூட்டை. கால் கட்டிய கோழிகள் படியில் கிடந்து கொக்கரிக்கின்றன. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். என் சாட்சியை ஏலத்துக்குச் சற்று முன்னால் வைத்திருந்தார்கள். செயலாளர் பக்கத்திலிருந்தவரிடம் விளக்கியது என் காதில் விழுந்தது.

“அந்தம்மா பேசினா மனசு எளகும். ஏலம் நல்லா போவும்.”

ஆக, பூசணிக்காய்க்கு முன்னால் நான்.

எழும்பினேன். கையில் மைக். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். சபை திருப்பிச் சொன்னது. போர் என்றேன். கடலிலிருந்து ஷெல் வந்தது என்றேன். விசிறி அசைவது நின்றது. ஜெபித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன்.

‘டொம்’.

தெருவில். கதவைச் சாத்துவது போல. பிறகு ஒன்றுமில்லை.

“அம்மா, கீழ படுங்கோ! படுங்கோ!”

ஜெயந்தியின் குரல். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை. நான் தரையில் கிடக்கிறேன். மைக் என்னோடு விழுந்து அலறுகிறது. கோழிகள் அடித்துக்கொள்கின்றன. அவள் வாங்கின் அடியில். இன்னும் இரண்டு வெடி. அவள் கத்துகிறாள்.

“தம்பியை இழுங்கோ அம்மா! தம்பியை இழுங்கோ!”

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு. அது பரவியது. பிறகு அடக்கிக்கொண்டார்கள். செயலாளர் குனிந்து என்னிடம் சொன்னார்.

“வேட்டும்மா. சாவு வேட்டு. எவனோ கெழவன் போறான். ஏந்திருங்க.”

எழும்பினேன். மகள் வாங்கின் அடியிலேயே இருந்தாள். கையை நீட்டியபடி. அங்கே இல்லாத ஒருவனைப் பிடிக்க. அவளைப் பார்த்துக்கொண்டு, ஜெபம் எங்களைக் காப்பாற்றியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளும் அங்கேதான் இருந்தாள். அவளுக்குத் தெரியும்.

“ஜெபம் பண்ணிக்கொண்டு இருந்தவை எல்லாம் செத்தவை. கக்கூசுக்குப் போன நாங்கள் தப்பினம்.”

கர்த்தர் எங்களைத் தப்புவித்தார் என்றால், என் மகளின் வயிற்றுப்போக்கைக் கொண்டு தப்புவித்தார் என்றேன். உள்ளே இறந்தவர்கள் பதினேழு பேர் என்றேன். பெயர்களைச் சொல்லத் தொடங்கினேன். எங்கள் ஊர்ப் போதகர். அவர் மனைவி. மணியடிக்கும் தேவதாசன். இந்தச் சபையின் போதகர் என் பக்கத்தில் வந்தார். மைக்கைக் கையால் மூடினார்.

“ஆமென் சொல்லி முடிங்கம்மா.”

“முடியேல்லை ஐயா. இன்னும் பேர் கிடக்கு.”

அவர் பாடகர் குழுவைப் பார்த்துத் தலையசைத்தார். ஆர்மோனியம் எழுந்தது. பண்டிகைப் பாட்டு. கைத்தாளம். நான் ஒன்பதாவது பெயரில் இருந்தேன். பத்தாவது எனக்கே கேட்கவில்லை. உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. பூசணிக்காய் ஏலத்துக்கு வந்தது. போட்டி பலமாக இருந்தது. செயலாளர் சொன்னது சரிதான்.

அடுத்த வாரம் போதகர் ஆள் அனுப்பினார். இந்த வருஷம் விடுதியில் இடமில்லையாம். சபையைக் கலங்கடித்துவிட்டேனாம். கலங்கினார்களா? நான் பார்க்கவில்லை. கோழியைத் தூக்கிக்கொண்டு போனதைத்தான் பார்த்தேன்.

கர்த்தரோடு எனக்குச் சண்டை உண்டு. அதை அவரிடமே சொல்கிறேன். காலையில் சொல்கிறேன், களையெடுக்கும்போது சொல்கிறேன். அவர் கேட்கிறாரா தெரியாது. ஆனால் இடையில் ஆர்மோனியம் வாசிப்பதில்லை. அவருக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று என் பிள்ளையை மறைக்கச் சொன்னவர்கள்மேல்தான் எனக்கு அருவருப்பு. உடைந்த கூரையைப் பார்க்க முடியாத விசுவாசம் எதற்கு? கரும்பு கட்டவா?

நான் மல்லாட்டை பிடுங்கிய கொல்லை பச்சையம்மாளுடையது. முகாமுக்குப் பக்கத்து வீடு. என்னைவிட இளையவள். அவளும் முதல் நாளே ஜாதி கேட்டவள்தான். தண்ணீரைத் தூக்கித்தான் ஊற்றினாள். அவளைத் தேவதை ஆக்க நான் இதை எழுதவில்லை. பண்டிகையில் நடந்தது அவள் காதுக்கும் போயிருந்தது. செடியை உதறிக்கொண்டே கேட்டாள்.

“ஏம்மா, உன் புள்ள பேரு இன்னா?”

சொன்னேன். இந்த ஊருக்கு வந்து முதல்முறை.

“பௌர்ணமிக்கு அவன் பேருக்கு ஒரு வெளக்கு போடறேன்.”

எங்கள் மார்க்கத்தில் அதற்கு இடமில்லை. ஊரில் இருந்திருந்தால் மறுத்து, காரணமும் விளக்கியிருப்பேன். போடுங்கோ என்றேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அடுத்த நாளும் தண்ணீரைத் தூக்கித்தான் ஊற்றினாள்.

ஜெயந்தி சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மதில் பாதி இடிந்த பள்ளிக்கூடம். இப்போது எண்பத்தொன்பது. அவள் பெரிய பிள்ளை. பேசுகிறாள். சிரிக்கிறாள்கூட. பஸ் வரத் தாமதித்தால் நான் ரோட்டில் போய் நிற்கிறேன். மலையில் தீபம் ஏற்றும் நாளில், வேட்டுச் சத்தத்துக்கு, இருவரும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறோம். தேவாலயத்துக்குப் போகிறோம். வேறு சபை. வாசலை ஒட்டிய வாங்கில் உட்காருகிறோம். சாட்சி சொல்ல இங்கும் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை.

தப்பியவர் இருவர். அதற்கு நன்றி சொல்லத்தான் சொன்னார்கள். இறந்தவர் பதினேழு. அன்று ஒன்பது பேரைத்தான் சொல்ல விட்டார்கள். மீதி எட்டு இங்கே.

சின்னத்துரை, தச்சர். அந்த வாங்குகளைச் செய்தவர்.

அவர் மனைவி மேரி.

அவர்களுடைய கைக்குழந்தை. ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்தது. பெயர் இல்லை. எண்ணிக்கையில் உண்டு.

நேசம்மா, ஆர்மோனியம் வாசித்தவர்.

சவரிமுத்து, வள்ளக்காரர்.

அவர் மகள் புஷ்பம். மூன்றாம் வகுப்பு. என் வகுப்பு.

அருள்ராஜா, என் கணவர். வாசல்வரை வந்தவர். திரும்பிப் போனவர்.

ரூபன். எட்டு வயது. தூக்கத்தில்.